தினமும் நடக்கவும் தோதான பைக் பூட்ஸ் எது?

ஜூன் 4, கேள்வி

தினமும் பைக்கில் போய்வருகிறேன். இறங்கியதும் நடைதான், நாளுக்கு ஐந்தாறு கிலோமீட்டர், வேலை அப்படி. ரைடிங் பூட்ஸ் போட்டால் நடக்க முடியவில்லை. சாதாரண ஷூ போட்டால் மனசு கேட்கவில்லை. கணுக்கால் மறைகிற கெட்டித் தோல் பூட்ஸ் எதுவாக இருந்தாலும் போதும், ரைடிங் பூட்ஸ் என்று தனியாக வாங்கத் தேவையில்லை என்பது என் கட்சி. தவறா?

ஜூன் 4, இரவு

பாதி சரி. 2011இல் ஆஸ்திரேலியாவில் லிஸ் டி ரோம் குழுவினர் விபத்தில் சிக்கிய 212 பைக் ஓட்டிகளைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பைக்குக்கென்று செய்யாத சாதாரண பூட்ஸ்கூட, ஷூவோடு ஒப்பிட்டால், பாதத்தில் அடிபடும் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்திருந்தது. அதனால் இன்று கையில் இருப்பது கெட்டித் தோல் பூட்ஸ்தான் என்றால் நாளைக் காலை அதையே போட்டுக்கொண்டு கிளம்புங்கள். நல்லது வாங்கும் வரை ஷூவில் ஓட்ட வேண்டாம்.

மீதிப் பாதியைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது என் இடது கால் சம்பந்தப்பட்டது.

ஜூன் 5

மழை ஓய்ந்த மாலை. சாலையில் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் முன்சக்கரம் வழுக்கியது. வேகம் மிகக் குறைவு, ஓடுகிற ஆளே முந்திவிடலாம். வண்டி இடப்பக்கம் சாய்ந்தது, என் பாதம் ஃபுட்ரெஸ்டுக்கும் தரைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. சறுக்கிப் போகவில்லை, உரசல் இல்லை, தோலில் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியின் எடை மொத்தமும் பாதத்தின் மேல் பக்கவாட்டில் இறங்கியது. நோட்டுப் புத்தகத்தை மூடுவதுபோல சோல் நீளவாக்கில் மடிந்தது. பாதத்தின் நடுப்பகுதியில் ஓர் எலும்பில் விரிசல் விட்டது. ஆறு வாரம் கட்டு. அதற்குப் பிறகும் படி இறங்கும்போது பல மாதம் வலி.

அன்று போட்டிருந்ததும் தோல் பூட்ஸ்தான். கணுக்கால் மறையும், கெட்டித் தோல், பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். அந்தத் தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்னும் வைத்திருக்கிறேன், துடைத்தால் புதிது மாதிரி இருக்கிறது. உள்ளே இருந்த காலுக்குத்தான் அடி.

அதனால்தான் உங்கள் கட்சியைப் பாதி சரி என்றேன். தோல் உரசலைத் தாங்கும். நசுங்குவதைத் தாங்க வேண்டியது சோல். சாதாரண பூட்ஸில் அதற்கென்று எதுவும் வைப்பதில்லை.

ஜூன் 5, பின்னிரவு

கடையிலேயே செய்து பார்க்க மூன்று சோதனை. எனக்கு இவற்றை யாரும் முன்பே சொல்லித்தரவில்லை.

ஒன்று, பூட்ஸின் அகலமான இடத்தை, அதாவது விரல்கள் தொடங்கும் இடத்தை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் பலமாக அமுக்குங்கள். சோல் குவிந்து மடிந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

அப்புறம், ஒரு கையில் குதிகாலையும் மறு கையில் நுனியையும் பிடித்து, ஈரத் துணி பிழிவதுபோல முறுக்குங்கள். கொஞ்சம் திரும்பலாம், துணியாகவே திரும்பக் கூடாது.

மூன்றாவது, பூட்ஸுக்குள் கையை விட்டுக் கணுக்கால் முட்டி வரும் இடத்தில் இரு பக்கமும் தடவுங்கள். கெட்டியான கிண்ணம்போல ஒன்று தட்டுப்பட வேண்டும். மெத்தென்ற பஞ்சு மட்டும் இருந்தால் அது சொகுசுக்கு வைத்தது, காப்புக்கு வைத்தது இல்லை.

ஜூன் 8

லேபிளைப் பற்றிப் பலர் கேட்டிருப்பதால் நீளமாகவே சொல்கிறேன். விளம்பர வாசகத்தை நம்புவதைவிட இதைப் படிக்கக் கற்றுக்கொள்வது மேல்.

பைக் ஓட்டிகளின் காலணிக்கான ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 13634. நாக்குப் பட்டையின் உள்ளேயோ பூட்ஸின் உள்பக்கமோ பைக் ஓட்டி படத்தோடு இந்த எண் இருக்கும். அருகில் நான்கு இலக்கம், ஒவ்வொன்றும் 1 அல்லது 2. முதல் இலக்கம் உயரம்: 1 என்றால் குட்டை, 2 என்றால் நெட்டை. இரண்டாவது உரசலைத் தாங்கும் திறன். மூன்றாவது வெட்டைத் தாங்கும் திறன். நான்காவது பக்கவாட்டு அமுக்கத்துக்குச் சோல் ஈடுகொடுக்கும் திறன். என் காலை உடைத்தது இந்த நான்காவது இலக்கம் இல்லாத பூட்ஸ்.

அந்தச் சோதனையில் பூட்ஸின் அகலமான இடத்தை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்துப் பக்கவாட்டில் நசுக்குகிறார்கள். முதல் நிலைக்கு 1 கிலோ நியூட்டன், இரண்டாம் நிலைக்கு 1.5 கிலோ நியூட்டன் தாங்க வேண்டும். நம் கணக்கில் சுமார் 100 கிலோ எடையும் 150 கிலோ எடையும். உரசலுக்கு, ஓடும் சொரசொரப்பான பட்டையில் பூட்ஸிலிருந்து வெட்டிய துண்டை வைத்து அது ஓட்டையாக எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கிறார்கள். அதிகம் அடிபடும் பகுதிக்கு முதல் நிலையில் 5 வினாடி, இரண்டாம் நிலையில் 12 வினாடி. இரண்டு மடங்குக்கும் மேல் வித்தியாசம்; 1, 2 என்று பார்க்கும்போது அது தெரிவதில்லை.

இப்போது முக்கியமானது. கணுக்கால் முட்டிக்கான காப்பு இந்த நான்கு இலக்கத்துக்குள் வரவே வராது. அது விருப்பத்தேர்வு. இருந்தால் ஐபிஏ என்ற எழுத்துகள் தனியாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்புக் காப்புக்கு ஐபிஎஸ், நீர் புகாமைக்கு டபிள்யூஆர், பெட்ரோல், எண்ணெய் பட்டாலும் கெடாத சோலுக்கு எஃப்ஓ. ஆக, சான்றிதழ் பெற்ற பூட்ஸாகவே இருந்தாலும் கணுக்காலில் மோதல் காப்பு சோதிக்கப்படாமலே இருக்கலாம். ஐபிஏ இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஜூன் 9

‘அப்படியானால் நான்கும் 2 இருப்பதுதானே சிறந்தது’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக நான்கும் 2 போட்ட நெட்டை பூட்ஸ் வாங்கினேன். பத்து நாள் போட்டேன். கணுக்கால் மடங்காது, படியேறினால் பின்விளிம்பு கெண்டைக்காலில் இடிக்கும், நடந்தால் சத்தம். பதினோராம் நாள் ‘பக்கத்தில்தானே போகிறோம்’ என்று ஷூவை மாட்டினேன். அப்புறம் பக்கத்து வேலை எல்லாவற்றுக்கும் ஷூ. கடைசியில் தூரத்துக்கும் ஷூவே ஆகிப்போனது. ஒருமுறை கால் உடைந்தவன் செய்த காரியம் இது.

வீட்டு அலமாரியில் இருக்கும் பூட்ஸுக்கு எத்தனை 2 இருந்தாலும் சாலையில் அது பூஜ்யம். அதனால் இப்போது என் வரிசை வேறு. தினசரி நடைக்கு உயரத்தில் 1 போதும். உரசலிலும் வெட்டிலும் 2 கிடைத்தால் நல்லது, 1 என்றால் ஏற்கலாம். நான்காவது இலக்கத்தில் மட்டும் 2தான் வேண்டும். ஐபிஏ கட்டாயம்.

ஜூன் 9, சிறு சேர்க்கை

மேலே சொன்னது நகருக்குள் தினசரி ஓட்டத்துக்கு. நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டுவதற்கும் மண்பாதைக்கும் நெட்டையே சரி. இரண்டுக்கும் ஒரே ஜோடி என்று தேடி ஒரு வருடம் வீணாக்கினேன்.

ஜூன் 11

இரும்பு மூக்கு வைத்த தொழிற்சாலை பூட்ஸ் போதாதா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். அதற்கான தரநிலை ஈஎன் ஐஎஸ்ஓ 20345. விரல் பகுதி 200 ஜூல் மோதலைத் தாங்கும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல் மேல் விழுந்தால் வரும் அடி அது. மேலிருந்து விழும் பொருளுக்கு அருமையான காப்பு. ஆனால் வண்டி சாயும்போது அடி விழுவது கணுக்காலின் பக்கத்திலும் பாதத்தின் நடுவிலும். அங்கே அந்த இரும்பு இல்லை. மூக்கு தடித்திருப்பதால் கியர் லீவருக்கு அடியில் நுழையாமல் திணறும் என்பது தனித் தொல்லை.

மலையேற்ற பூட்ஸ்? நடைக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. நல்ல ஜோடியில் சோல் முறுக்குக்கும் ஈடுகொடுக்கும். குறைகள் இரண்டு. கணுக்காலின் இருபுறமும் பஞ்சுதான், கிண்ணம் கிடையாது. சோலின் ஆழமான கட்டைகள் ஃபுட்ரெஸ்டில் மாட்டிக்கொண்டு, அவசரத்துக்குக் காலை நகர்த்த விடாது. லேஸ் மாட்டும் உலோகக் கொக்கிகளும் எங்காவது சிக்கும்.

ஜூன் 14

இன்று முழுக்க நடையைப் பற்றி. கேள்வி கேட்டவருக்கு இதுதான் வலி, நான் இத்தனை நாள் காப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்துவிட்டேன்.

நடக்கும்போது பாதம் மடங்குவது ஒரே இடத்தில், விரல்கள் தொடங்கும் இடத்தில். அங்கே பூட்ஸ் மடங்காவிட்டால் குதிகால் உள்ளேயே தூக்கிக்கொள்ளும், உரசி உரசிக் கொப்புளம் வரும். அப்படியானால் நான் கேட்கிற கெட்டியான சோலும் நடையும் ஒன்றுக்கொன்று பகையா? இல்லை. மூங்கில் தட்டியைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சுருட்டினால் பாய்போலச் சுருளும், மறுபக்கமாக மடக்கப் பார்த்தால் அசையாது. நல்ல தினசரி ரைடிங் பூட்ஸின் சோலும் அப்படித்தான்: முன்னும் பின்னுமாக வளையும், பக்கவாட்டில் நசுங்காது. கணுக்காலும் அதே கணக்கு. முன்னும் பின்னும் அசைய வேண்டும், இல்லாவிட்டால் கியரும் போட முடியாது, படியும் ஏற முடியாது. பக்கவாட்டில் பிசகிப் போகக் கூடாது. எல்லாத் திசையிலும் விறைப்பாக இருக்கும் பூட்ஸ் பந்தயத்துக்கு, எல்லாத் திசையிலும் தொளதொளவென்று இருப்பது எதற்கும் இல்லை. நமக்கு வேண்டியது திசை பார்த்து விறைக்கும் பூட்ஸ்.

நடக்கத் தோதான பூட்ஸை ரைடிங் பூட்ஸ் செய்பவர்களால் செய்ய முடியாது என்பதும் சரியில்லை. பைக் பூட்ஸுக்குப் பெயர்போன இத்தாலிய நிறுவனம் ஆல்பைன்ஸ்டார்ஸ் 1963இல் தொடங்கியது மலையேற்றக் காலணியும் பனிச்சறுக்குக் காலணியும் செய்யத்தான். பெயரே ஆல்ப்ஸ் மலைப் பூ ஒன்றிலிருந்து வந்தது. பைக் பூட்ஸ் பிறகு வந்தது. இத்தாலியில் அது பிறந்த வட்டாரமே மலை, பனி, பைக் மூன்றுக்கும் காலணி தைக்கும் ஊர்கள்.

அளவு பார்க்கும் முறை. மாலையில் போங்கள், பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும். ஓட்டும்போது போடும் அதே காலுறையோடு போங்கள். இரண்டு காலும் ஒரே அளவு இருப்பது அபூர்வம், பெரிய காலுக்கு வாங்குங்கள். போட்டுக்கொண்டு படி இறங்குங்கள். பெருவிரல் முன்னால் இடித்தால் ஒரு அளவு கூட்டுங்கள். படி ஏறுங்கள். குதிகால் விரற்கடை அளவுக்குத் தூக்கினால் அந்த அச்சு, அதாவது பூட்ஸைத் தைக்க வைத்த கால் வடிவம், உங்கள் காலுக்கானது இல்லை, அளவைக் குறைத்தும் பயனில்லை.

‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்பார் கடைக்காரர். தோல் அகலத்தில் இளகும். நீளத்தில் ஒருநாளும் இளகாது. கிண்ணமும் சோலுக்குள் இருக்கும் தகடும் இளகவே இளகாது. அந்த வார்த்தையை நம்பி மூன்று மாதம் போட்டு, பெருவிரல் நகம் கறுத்துக் கழன்று விழுந்தது. முதல் நாளே கெட்டியான பாகம் எலும்பில் கடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஜூன் 15

கிண்ணத்தைப் பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம். இரு பக்கமும் கிண்ணம் இருந்தால் போதும் என்பதுபோல் சொல்லிவிட்டேன். இடமும் சரியாக இருக்க வேண்டும். உங்கள் கணுக்காலை இப்போதே தொட்டுப் பாருங்கள்: வெளி முட்டி உள் முட்டியைவிடச் சற்றுத் தாழ்வாகவும் பின்தள்ளியும் இருக்கும். இரண்டு கிண்ணத்தையும் ஒரே உயரத்தில் வைத்துத் தைத்த பூட்ஸில் ஏதாவது ஒன்று முட்டியின் மேல் உட்காராமல் அதன் விளிம்பில் உட்காரும். நடக்கும்போது அங்கேதான் கடிக்கும், விழும்போது அங்கே காப்பும் இருக்காது. கடிக்கிற இடம் காப்பு தவறிய இடமும்கூட என்பது எனக்குத் தாமதமாகப் புரிந்தது. சொகுசைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு நாம் பாதுகாப்பையும் சேர்த்தே பார்க்கிறோம்.

ஜூன் 21

மழை. நீர் புகாத சவ்வு வைத்த பூட்ஸ்தான் வேண்டும் என்று வேறொரு இடத்தில் அடித்துப் பேசியிருக்கிறேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். சவ்வு வெளி ஈரத்தைத் தடுக்கும், உள்ளிருக்கும் வியர்வையை ஓரளவுக்கு வெளியேற்றும். ஆனால் ஓரளவுக்குத்தான். வெயிலில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவருக்கு உள்ளே ஈரம் தேங்கும், ஊறிய தோல் சீக்கிரம் கொப்புளிக்கும். குட்டை பூட்ஸில் இன்னொன்று: நீர் மேல்வாய் வழியாக உள்ளே வந்துவிட்டால் அதே சவ்வு அதை வெளியே விடாது, காய இரண்டு நாள் ஆகும். மழைக்கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் தண்ணீர் நேராகக் காலுறைக்குப் போகும்.

மழை அதிகமா வெயில் அதிகமா என்று உங்கள் வருடத்தை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலுறை மட்டும் பருத்தி வேண்டாம். மெல்லிய மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழை. இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை.

ஜூன் 22

லேஸா ஜிப்பா? நடைக்கு லேஸ், ஏனென்றால் காலின் வடிவத்துக்கு இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் அவிழ்ந்து தொங்கும் லேஸ் ஆபத்து. சிக்னலில் காலை ஊன்றப் போனேன், வளையம் கியர் லீவரில் மாட்டியிருந்தது. கால் வரவில்லை. வண்டி மெதுவாகச் சாய்ந்தது. பக்கத்தில் நின்றவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் தப்பினேன். அன்றிலிருந்து லேஸை முடிந்து மிச்சத்தை நாக்குப் பட்டைக்குள் செருகாமல் கிளம்புவதில்லை. லேஸும் உள்பக்கம் ஜிப்பும் உள்ளது நல்ல ஏற்பாடு: ஒருமுறை லேஸால் இறுக்கத்தை அமைத்துவிட்டு, தினமும் ஜிப்பில் போட்டுக் கழற்றலாம். ஜிப் வெளிப்பக்கம் இருந்தால் வேண்டாம், விழுந்தால் முதலில் தேய்வது அதுதான்.

ஜூலை 2

கேள்வி கேட்டவர் பூட்ஸ் வாங்கிவிட்டார், நடக்க வசதி, ஆனால் கியர் போட வரவில்லை என்கிறார். திருப்பிக் கொடுக்க வேண்டாம். ஷூவைவிடப் பூட்ஸின் மூக்கும் சோலும் தடிமன், லீவருக்கும் ஃபுட்ரெஸ்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி முன்பு போட்டிருந்த ஷூவுக்குப் பழகியது. பெரும்பாலான வண்டியில் லீவர், பல் வெட்டிய தண்டில் ஒரு போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கும். போல்ட்டைக் கழற்றி, லீவரை உருவி, ஒரு பல் மேலே தள்ளிப் போட்டால் போதும். இணைப்புக் கம்பி உள்ள வண்டியில் அந்தக் கம்பியின் நீளத்தைத் திருகி மாற்றலாம். பின்பிரேக் மிதியின் உயரத்தையும் அப்போதே சரிபாருங்கள். வலது காலுக்கும் அதே தடிமன்தான், பிரேக்கை அறியாமல் அழுத்திக்கொண்டே ஓட்ட நேரிடும்.

எனக்கு ஒரு பல் போதுமானதாக இருந்தது.

ஜூலை 19

சோல் ஆயுள் பற்றி. வருடக்கணக்கில் பெட்டியில் வைத்திருந்த ஒரு ஜோடியை ஒருவர் எடுத்துப் போட்டதும் சோல் துண்டு துண்டாக உதிர்ந்துவிட்டதாம். ஏமாற்றிவிட்டார்கள் என்கிறார். இது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையால் செய்த நடுச்சோலின் இயல்பு. காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளுக்குள்ளேயே சிதைக்கும், போடாமல் வைத்தாலும் நடக்கும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று பழைய சரக்கை வாங்கும்முன் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். உள்பக்க லேபிளிலோ சோலிலோ பெரும்பாலும் இருக்கும்.

நிறைய நடப்பவர்கள் சோல் மாற்ற முடிகிற ஜோடியைத் தேடலாம். மேல்தோலையும் சோலையும் ஒரு பட்டையோடு சேர்த்துத் தைக்கும் குட்இயர் வெல்ட் முறையில் சோலை மட்டும் பிரித்துப் புதிது போடலாம். ரப்பரைப் பொறுத்தவரை விப்ரம் என்ற இத்தாலிய நிறுவனத்தின் சோல் போட்டதா என்று பலர் பார்க்கிறார்கள். பெயர் விட்டாலே பிரமானி என்பவரின் பெயரிலிருந்து வந்தது. 1935இல் மலையேற்றத்தில் தோழர்கள் ஆறு பேர் இறந்ததைப் பார்த்து, சரியான காலணி இல்லாததும் ஒரு காரணம் என்று நினைத்து, 1937இல் ரப்பர் சோலைக் கொண்டுவந்தவர். நல்ல ரப்பர்தான். ஆனால் பைக்குக்கு அதிலேயே ஆழம் குறைந்த கட்டை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். சைலன்சரில் சோல் பட்டால் எந்தப் பெயர் போட்ட ரப்பரும் உருகும்.

ஆகஸ்ட் 10

ஜூன் 9இல் உரசலில் 1 என்றாலும் ஏற்கலாம் என்று எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். அப்போது என் விபத்து ஒன்றையே மனதில் வைத்துப் பேசினேன். அதில் உரசலே இல்லை. போன வாரம் நண்பர் ஒருவர் வளைவில் விழுந்து சறுக்கினார். அவர் பூட்ஸின் பெருவிரல் பக்கத் தையல் தேய்ந்து, உள்துணி தெரிந்தது. கால் தப்பியது, ஆனால் இன்னும் இரண்டு மீட்டர் போயிருந்தால் தப்பியிருக்காது. 5 வினாடிக்கும் 12 வினாடிக்கும் உள்ள வித்தியாசத்தை நானே எழுதிவிட்டு நானே லேசாக எடுத்துக்கொண்டேன். இரண்டாவது இலக்கமும் 2 இருக்கட்டும். குட்டை பூட்ஸில் உயரம் மட்டும் 1, மற்றது எல்லாம் 2 என்று தேடினால் கிடைக்கிறது. கொஞ்சம் கூடுதலாக அலைய வேண்டும்.

ஆகஸ்ட் 11

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: ஐந்து வாரமாகத் தினமும் போடுகிறார், வலது சுண்டுவிரல் பக்கம் மட்டும் மாலையில் இறுக்குகிறதாம். இன்சோலைக் கழற்றிவிட்டு அரை மில்லிமீட்டராவது மெல்லியதைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், லேஸில் கீழிருந்து இரண்டாவது ஓட்டையை விட்டுவிட்டுக் கட்டுங்கள், அந்த இடம் தளரும். கணுக்காலை ஒட்டிய மேல் இரண்டு ஓட்டைகளை மட்டும் தளர்த்த வேண்டாம்.